யாரும் அடிக்காத அடி

புஷ்பலதா முதன்முதலில் பூப்பந்து மட்டையைப் பிடித்தபோது அவளுக்கு முப்பத்தொன்பது வயது. மகள் சாந்தினியைச் சாப்பிடக் கூப்பிடத்தான் அன்று தாமான் எனப்படும் தங்கள் குடியிருப்பின் மண்டபத்துக்குப் போனாள். உள்ளே இரட்டையர் ஆட்டத்துக்கு ஓர் ஆள் குறைந்தது. ஏர்கான் பழுது பார்க்கும் சீனி வலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கூப்பிட்டான்.

"அக்கா, சும்மா ஒரு பத்து பாயிண்ட் நில்லுங்க. பந்த அடிக்கக்கூட வேணாம்."

அவள் அடிக்கத்தான் பார்த்தாள். பத்து முறையும் மட்டை காற்றைத்தான் வெட்டியது. பதினொன்றாவது முறை இறகுப்பந்து மட்டையின் நடுவில் பட்டு, வலையைத் தாண்டி, எதிராளி எட்ட முடியாத மூலையில் போய் விழுந்தது. அந்த டொக் என்ற சத்தம் அவளுக்குப் பிடித்துவிட்டது. அன்றைக்கு வீட்டில் மூன்று பேரும் ஆறிப்போன சோற்றைத்தான் சாப்பிட்டார்கள்.

அவளுக்கு ஓட்டம் புதிதல்ல. சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். தோட்டத்தை வீட்டுமனைக்கு விற்றபோது அவளுக்குப் பதினொரு வயது. குடும்பம் ஈப்போ நகருக்கு வந்து புந்தோங் பகுதியில் குடியேறியது. இடைநிலைப் பள்ளியில் நானூறு மீட்டர் ஓடி மாவட்ட அளவில் இரண்டாவதாக வந்தாள். முதலாவது வந்த பெண்ணின் பெயரை இப்போதும் சொல்வாள், கொஞ்சம் பல்லைக் கடித்துக்கொண்டு. படிப்பு முடிந்ததும் கையுறைத் தொழிற்சாலையில் வேலை. அதற்குப் பிறகு அவள் ஓடியதெல்லாம் தொழிற்சாலை பஸ்ஸைப் பிடிக்கத்தான்.

வேலை தரச் சோதனைப் பிரிவில். கையுறைக்குள் தண்ணீரை நிரப்பித் தொங்கவிட்டு, எங்கே சொட்டுகிறது என்று பார்க்க வேண்டும். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் ஸ்டூலில் உட்கார்ந்திருக்க வேண்டும். கால்கள் இரண்டும் ஸ்டூலின் கம்பியில் மடங்கியே இருக்கும். அப்படியே இருபது வருடம் ஓடிவிட்டது.

அதனால் செவ்வாயும் வெள்ளியும் அவளுக்குத் திருவிழா நாட்களாயின. கொரோனா காலத்தில் மண்டபம் பூட்டிக் கிடந்ததைக் கழித்துவிட்டால், மூன்று வருடத்தில் அவள் ஆட்டத்துக்குப் போகாத நாட்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். சீனிதான் அவளுடைய ஜோடி. அவன் உயரமானவன், பின்னால் நின்று ஓங்கி அடிப்பான். அவள் முன்னால் நின்று விழப்போகும் பந்தையெல்லாம் எடுப்பாள். விழுந்துவிட்ட பந்துக்கும் ஓடுவாள்.

"அக்கா, அது அவுட்டு. ஏன் ஓடுறீங்க?"

"அவுட்டுன்னு அதுக்குத் தெரியுமா?" என்பாள்.

அவளுடைய காலணி இளஞ்சிவப்பு நிறம். ஈப்போவில் ஒரு கடையில் தள்ளுபடியில் வாங்கியது. பின்பக்கம் தடித்து, பஞ்சு மெத்தை மாதிரி இருக்கும். சாந்தினி முதல் நாளே சொன்னாள், "அம்மா, இது ரோட்டுல ஓடுறதுக்கு உள்ள சப்பாத்து. கோர்ட்டுக்கு வேற."

"நானும் ஓடத்தானே போறேன்" என்றாள் புஷ்பலதா. அதோடு பேச்சு முடிந்தது.

ஒரு வருடம் மார்ச் மாதவாக்கில் அவளுடைய இடது குதிகால் பேச ஆரம்பித்தது. காலையில் கட்டிலிலிருந்து இறங்கி முதல் நான்கைந்து அடி வைக்கும்போது, பின்னங்காலில் யாரோ கயிற்றை முறுக்கிப் பிடித்தது மாதிரி இருக்கும். தேநீர் கலக்கி முடிப்பதற்குள் சரியாகிவிடும். தேநீர் கலக்குவதற்குள் சரியாகிற வலி ஒரு வலியா என்று அவள் விட்டுவிட்டாள். சீன மருந்துக்கடையில் ஒரு தைலம் வாங்கி, ஆட்டத்துக்குப் போகுமுன் சூடு பறக்கத் தேய்த்துக்கொண்டாள். ஐந்து மாதம் அப்படியே போனது. கணவன் தர்மாவுக்கு வீட்டில் தைல வாசனை பழகிவிட்டது. அவன் சிமெண்டு லோரி ஓட்டுபவன். சும்மா இருக்கும் நேரத்தில் எதற்காக வியர்க்க வேண்டும் என்பது அவனுக்குக் கடைசி வரை விளங்காத விஷயம்.

ஆட்டத்துக்கு முன் உடம்பைச் சூடேற்றிக்கொள்ளும் வழக்கம் அந்தக் கூட்டத்தில் யாருக்கும் கிடையாது. மண்டபம் ஏழிலிருந்து ஒன்பது வரைதான் அவர்களுக்கு. இரண்டு கோர்ட்டு, பதினாறு பேர். ஓரமாக நின்று கையைக் காலை ஆட்டிக்கொண்டிருப்பவனுடைய முறை போய்விடும். அதனால் எல்லாரும் மோட்டார் சைக்கிளை நிறுத்திய சூட்டோடு நேராக வலைக்கு முன்னால் போய் நிற்பார்கள்.

ஆகஸ்டில் ஐந்து தாமான்களுக்கு இடையே போட்டி வைத்தார்கள். புஷ்பலதாவும் சீனியும் இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டார்கள். அந்த வாரம் தொழிற்சாலையில் ஆள் பற்றாக்குறை. ஆறு நாளும் பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்து வேலை செய்தாள். ஞாயிற்றுக்கிழமையும் அரை நாள். அங்கிருந்து நேராக மண்டபத்துக்கு வந்து, காலணியை மாட்டி, கோர்ட்டுக்குள் இறங்கினாள்.

மூன்றாவது செட்டில் பதினேழுக்குப் பதினேழு. எதிரணிப் பெண் வலையோரம் பந்தை மெல்லத் தட்டிவிட்டாள். பின்னால் ஒரு அடி எடுத்து வைத்திருந்த புஷ்பலதா, இடது காலை ஊன்றி முன்னால் பாய்ந்தாள்.

டப் என்று ஒரு சத்தம். மண்டபத்தின் மறு கோடியில் நின்றவர்களுக்கும் கேட்டது. குதிகாலுக்கு மேலே பலமாக ஓர் அடி விழுந்ததை அவள் உணர்ந்தாள். கீழே விழுந்தவள் திரும்பிப் பார்த்தாள். பின்னால் சீனி, கையில் மட்டையோடு.

"ஏன் சீனி அடிச்சே?"

சீனி மட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "நானாக்கா?"

"பின்ன யாரு? ஒன்னத் தவிர யாரு இருக்கா பின்னால?"

ஆட்டம் அதோடு நின்றது. கோப்பையை வாங்கிக்கொண்ட எதிரணியினர் யார் முகத்தையும் பார்க்காமல் கிளம்பினார்கள்.

வேடிக்கை என்னவென்றால், வலி அவ்வளவாக இல்லை. கணுக்காலுக்குப் பின்னால் கொஞ்சம் வீக்கம். பாதத்தைத் தட்டையாக வைத்து விந்தி விந்தி நடக்க முடிந்தது. ரத்தம் இல்லை, எலும்பும் துருத்தவில்லை. தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று படுத்துவிட்டாள். மறுநாள் பக்கத்து வீட்டு அக்கா வந்து பார்த்துவிட்டு, பாகான் செராய் ஊரில் கைராசியான ஒருவர் இருக்கிறார், அழுத்தி உருவிவிட்டால் ஒரே வாரத்தில் ஓடலாம் என்றார். தர்மா சனிக்கிழமை கூட்டிக்கொண்டு போவதாகச் சொன்னான்.

அன்று சாயங்காலம் சீனி வந்தான். கையில் இரண்டு தம்பூன் பம்ளிமாஸ் பழங்கள்.

"மன்னிச்சிருங்கக்கா. நல்லா யோசிச்சுப் பார்த்தேன். நான்தான் மட்டைய வீசியிருக்கேன்."

"பரவால்ல சீனி. ஆட்டத்துல இதெல்லாம் இருக்கறதுதான்" என்று அவள் பெருந்தன்மையாகச் சொன்னாள். ஆனால் தொழிற்சாலைத் தோழிகள் போன் செய்தபோதெல்லாம் சீனியின் வீச்சைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகவே சொன்னாள். மறுநாள் சீனி பப்பாளியோடு வந்தான். இந்த முறை, மட்டையின் பிடியில் ஏதோ பட்ட அதிர்ச்சி கூடத் தன் கைக்கு ஞாபகம் இருக்கிறது என்றான்.

புதன்கிழமை காலை சமையலறையில் மேல்தட்டிலிருந்த மைலோ டின்னை எடுக்க எக்கினாள். வலது குதிகால் உயர்ந்தது. இடது குதிகால் உயரவில்லை. மறுபடி முயன்றாள். வலிக்கவில்லை, கால் சொன்னதைக் கேட்கவில்லை, அவ்வளவுதான். யாரோ விளக்கை அணைத்துவிட்ட மாதிரி. அப்போதுதான் அவளுக்குப் பயம் வந்தது.

"சாந்தினி, கிளம்பு. ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

மருத்துவர் ஒரு மலாய்ப் பெண், சாந்தினிக்கு அக்கா மாதிரி இருந்தாள். புஷ்பலதாவைக் குப்புறப் படுக்க வைத்து, பாதங்கள் இரண்டும் கட்டில் நுனியில் தொங்குமாறு இழுத்துவிட்டாள். வலது கெண்டைக்கால் சதையைக் கையால் அழுத்தினாள். பாதம் தலையசைப்பது போல அசைந்தது. இடது கெண்டைக்காலை அழுத்தினாள். பாதம் அசையவில்லை. இன்னொரு முறை அழுத்திப் பார்த்துவிட்டு மலாயில் கேட்டாள்:

"பின்னாலிருந்து யாரோ உதைத்த மாதிரி இருந்ததா?"

"உதைக்கல டாக்டர், மட்டையால அடிச்சிட்டாங்க."

மருத்துவர் சிரித்துவிட்டாள். அக்கா என்பதை மலாயில் சொல்லி அழைத்தாள். "யாரும் அடிக்கவில்லை கக்காக். கெண்டைக்காலையும் குதிகாலையும் இணைக்கிற தசைநாண் அறுந்துபோயிருக்கிறது. அறும்போது எல்லாருக்கும் அப்படித்தான் தோன்றும். போன மாதம் ஒருவர் ஃபுட்சால் கால்பந்து ஆடும்போது இதே மாதிரி விழுந்தார். மச்சினன்தான் உதைத்தான் என்று அவனோடு பேச்சையே நிறுத்திவிட்டார்."

அழுத்தி உருவலாமா என்று சாந்தினி கேட்டாள். அறுந்த இடத்தைத் தொடவே கூடாது என்றாள் மருத்துவர். தாமதிக்காமல் அறுவை செய்து சேர்த்துவிடலாம் என்றும் சொன்னாள்.

வார்டில் படுத்துக்கொண்டு புஷ்பலதா செய்த முதல் காரியம் சீனிக்குப் போன் போட்டதுதான். அவளுக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. மாவட்ட அளவில் முதலாவதாக வந்தவளிடம் கைகுலுக்கக்கூடப் போகாதவள் அவள்.

"சீனி, நீ அடிக்கலையாம். அதுவாவே அறுந்துருக்கு. நான் ஊரு பூரா ஒம்பேர சொல்லிட்டேன். தப்பா நினைச்சுக்காத."

சீனி கேட்டான், "அப்ப நான் அடிக்கலையா?"

"இல்லலா."

"அடிச்ச ஞாபகம் இருக்கேக்கா எனக்கு."

அறுவை நல்லபடியாக முடிந்தது. நாட்டியக்காரியின் கால் மாதிரி நுனி கீழே நோக்கியபடி மாவுக்கட்டு, பிறகு முழங்கால் உயரத்துக்கு ஒரு கனமான பூட்ஸ். தர்மா லோரியிலிருந்து இறங்கி வந்து சமைத்தான். அவனுக்குத் தெரிந்தது சம்பல் நெத்திலியும் முட்டைப் பொரியலும்தான். இரண்டு மாதம் குடும்பம் அதிலேயே ஓடியது.

பூட்ஸைக் கழற்றும் காலம் வந்தபோது அவளை இயன்முறைச் சிகிச்சைக்கு அனுப்பினார்கள். சிகிச்சையாளர் பெயர் தர்சிகா. யாழ்ப்பாணத்து வழியில் வந்த குடும்பம், அப்பா அம்மா இருவரும் ஈப்போவில் ஆசிரியர்கள். மெதுவாகப் பேசுவாள், ஒவ்வொரு கேள்விக்கும் பதில் வரும்வரை காத்திருப்பாள்.

"ஒரு நாளைக்கு எத்தனை மணித்தியாலம் உட்கார்ந்திருப்பீங்கள்?"

"எட்டு. சில நேரம் பன்னெண்டு."

"ஆட முந்தி உடம்பைச் சூடாக்குவீங்களா?"

"தைலம் தேய்ப்பேன். நல்லா எரியும்."

தர்சிகா சிரிக்கவில்லை. "அது தோலைத்தான் சூடாக்கும், அக்கா. என்ன சப்பாத்து போட்டீங்கள்?"

புஷ்பலதா சொன்னாள். இந்த முறை குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"அதுக்கு முதல் வலி ஏதும் இருந்ததா? காலமை எழும்பேக்க?"

சுவரில் கால் எலும்புகளின் படம் ஒன்று தொங்கியது. புஷ்பலதா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அஞ்சு மாசம் இருந்துச்சு" என்றாள் கடைசியில்.

நாள் முழுக்க மடங்கிக் கிடக்கும் கால். அதன் சதை சுருங்கிப் பழகிவிடுகிறது. வாரத்தில் இரண்டு நாள் திடீரென்று அதைப் பாயச் சொல்கிறோம். பக்கவாட்டில் திரும்பும் ஆட்டத்துக்கு நேராக ஓடும் காலணி. நாற்பது தாண்டிய தசைநாண். அது ஐந்து மாதமாக வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் யாரும் கேட்கவில்லை. தர்சிகா இதையெல்லாம் ஒரு குற்றப்பத்திரிகை போல வாசிக்கவில்லை. பேச்சுவாக்கில் ஒவ்வொன்றாக வந்தது. கேட்டு முடித்ததும் புஷ்பலதா தலையை ஆட்டினாள்.

"விளங்குது. கையுறையும் அப்படித்தான் தங்கச்சி. கிழியிற அன்னைக்கா கிழியுது? முன்னாடியே எங்கியோ மெலிஞ்சு போயிருக்கும். இருபது வருஷமா அதத்தான் கண்டுபிடிச்சிட்டு இருக்கேன்."

புதன்கிழமைகளில் அந்தச் சிகிச்சை அறையில் ஒரு சிறு கூட்டம் சேர்ந்தது. சோங் அங்கிளுக்கு டென்னிஸ் எல்போ என்ற முழங்கை வலி. டென்னிஸ் மட்டையை வாழ்க்கையில் தொட்டதில்லை. முப்பது வருடம் வாணலியில் கொய்த்தியாவ் என்ற தட்டை நூடுல்ஸைப் புரட்டியவர். மணிக்கட்டைத் திரும்பத் திரும்பச் சுழற்றினால் டென்னிஸ் ஆடினாலும் கொய்த்தியாவ் கிண்டினாலும் முழங்கைக்கு ஒன்றுதான் என்று தெரிந்துகொண்டதில் அவருக்கு ஒரு பெருமை. ஹர்பால் என்ற ஹாக்கி ஆட்டக்காரருக்குத் தொடையின் பின்தசை கிழிந்திருந்தது, அதே இடத்தில் மூன்றாவது தடவை. வலி நின்றதும் ஆறிவிட்டது என்று நினைத்து ஒவ்வொரு முறையும் இரண்டாவது வாரமே களத்தில் இறங்கியவர். "வலி போனா காயம் போச்சுன்னு அர்த்தமில்ல" என்று மற்றவர்களுக்கு அவரே எடுத்துச் சொல்வார். சொல்லிவிட்டு அடுத்த சனிக்கிழமை ஆடலாமா என்று தர்சிகாவிடம் கேட்பார்.

புஷ்பலதாவுக்குக் கொடுத்த பயிற்சி கேட்பதற்கு ஒன்றுமே இல்லாதது. நின்ற இடத்தில் குதிகாலைத் தூக்கி இறக்க வேண்டும். முதலில் இரண்டு காலிலும், பிறகு இடது காலில் மட்டும். டிசம்பரில் இரண்டு காலிலும் தூக்கிவிட்டாள். ஒற்றைக்காலில் ஒரு முறைகூட முடியவில்லை. காலையில் முப்பது தடவை, சாயங்காலம் முப்பது தடவை சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டு முயல்வாள். குதிகால் தரையில் ஒட்டியே கிடக்கும். பொங்கலுக்கு முந்தின வாரம், யாரும் இல்லாத நேரம் பார்த்து அழுதாள். வலியில் அல்ல. ஒரு சாண் உயரம்கூட இல்லாத ஓர் எதிராளியிடம் தினமும் அறுபது தடவை தோற்பது அவளால் தாங்க முடியாததாக இருந்தது.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை அது எழுந்தது. விரல் கனம்தான். இருந்தாலும் எழுந்தது.

"ஏங்க. ஏங்க, சீக்கிரம் வாங்க."

தர்மா கேஸ் கசிகிறது என்று நினைத்து, குளியலறையிலிருந்து துண்டோடு ஓடி வந்து முதலில் அடுப்பை மூடினான். அவள் அடுப்பைப் பார்க்கச் சொல்லவில்லை, தன் காலைப் பார்க்கச் சொன்னாள். அவன் ஈரத் தரையில் குந்தி உட்கார்ந்து பார்த்தான்.

"தூக்கிட்டியா?"

"இப்பதான் தூக்கினேன். இருங்க, இன்னொரு தடவ."

இரண்டாவது தடவை வரவில்லை. ஆனாலும் அவன் பார்த்ததாகவே சொன்னான். இருபது வருட இல்லறத்தில் அவன் சொன்ன நல்ல பொய்களில் அது ஒன்று.

அறுவை முடிந்து பத்தாவது மாதம் தர்சிகா ஆட அனுமதி கொடுத்தாள். புஷ்பலதா பூப்பந்துக்கென்றே செய்த, அடிப்பகுதி தட்டையான காலணி வாங்கினாள். தொழிற்சாலையில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை எழுந்து நின்று குதிகாலைத் தூக்கி இறக்கினாள். முதலில் சிரித்த தோழிகள் பிறகு சேர்ந்துகொண்டார்கள். வரிசையாகப் பன்னிரண்டு பேர் ஒரே நேரத்தில் உயர்ந்து தாழ்வதைப் பார்த்து மேலாளர் ஏதோ போராட்டம் என்று பயந்ததாகக் கேள்வி.

மண்டபத்தில்தான் சிக்கல். ஆட்ட நேரத்தில் பத்து நிமிடத்தை விட்டுக்கொடுக்க யாரும் தயாராக இல்லை.

"சூசாலா அக்கா. கஷ்டம். ஆட்டமே ரெண்டு மணி நேரம்தான்" என்றார்கள்.

அவள் வாதாடவில்லை. மண்டபத்துக் காவலாளியிடம் போய்ப் பேசி, செவ்வாயும் வெள்ளியும் கதவை இருபது நிமிடம் முன்னதாகத் திறக்க ஏற்பாடு செய்தாள். பிறகு ஒரே ஒரு விஷயத்தைச் சொன்னாள்: ஆறு நாற்பதுக்கு வந்து உடம்பைச் சூடாக்காதவர்களோடு தான் ஆடப்போவதில்லை. முதல் வாரம் சீனி மட்டும் வந்தான். வெறும் மண்டபத்தில் இருவரும் ஓரத்தைச் சுற்றி மெல்ல ஓடினார்கள், கால்களை வீசினார்கள், இடுப்பைத் திருப்பினார்கள். மூன்றாவது வாரம் ஒன்பது பேர் வந்தார்கள். வலையோரத்தில் அவளைப் போலப் பந்தை எடுக்க வேறு ஆள் இல்லாததும் அதற்கு ஒரு காரணம்.

அக்டோபரில் சித்தியவானில் ஒரு போட்டி. வேன் பிடித்துப் பதினோரு பேர் போனார்கள். வேடிக்கை பார்க்க தர்மாவும் தொற்றிக்கொண்டான். புஷ்பலதாவும் சீனியும் முதல் சுற்றிலேயே தோற்றார்கள். இருபத்தொன்றுக்குப் பதினான்கு, இருபத்தொன்றுக்குப் பதினாறு. காலையில் பத்து மணிக்கெல்லாம் எல்லாம் முடிந்துவிட்டது. அவள் இரண்டாவது செட்டில் வலையோரம் தொப்பென்று விழுந்த ஒரு பந்துக்கு ஓடாமல் நின்றாள். பிறகு வேறொரு பந்துக்கு ஓடினாள், எடுத்தும் விட்டாள். கால் கேட்டது.

"தோத்துட்டோம்க்கா" என்றான் சீனி.

"ஆமா" என்றாள். அவள் முகத்தில் அவ்வளவு சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று அவனுக்கு விளங்கவில்லை.

முழு நாளும் மிச்சமிருந்தது. லுமுட் பக்கம் கடலோரமாகப் போய் மீன் சாப்பிடலாம் என்று முடிவானது. காலையிலிருந்து ஓடிக் குதித்த பதினோரு பேரும் ஒரு கீறல்கூட இல்லாமல் வேனிலிருந்து இறங்கினார்கள். பன்னிரண்டாவதாக தர்மா இறங்கினான். ஒரு கையில் போன், கண் கடல் மீது. படி முடிந்துவிட்டது என்று நினைத்து அவன் காலை வைத்தபோது அங்கே இன்னொரு படி இருந்தது. பாதம் உள்பக்கமாக மடங்கியது. அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"யாரு தள்ளிவிட்டது?" என்றான்.

வேனில் வந்தவர்கள் சிரித்து முடிக்க நேரமாயிற்று. புஷ்பலதா சிரித்துக்கொண்டே மண்டியிட்டு அவன் கணுக்காலின் எலும்பை விரலால் அழுத்திப் பார்த்தாள். நாலு அடி நடக்கச் சொன்னாள். நடந்தான். எலும்புக்கு ஒன்றுமில்லை, சுளுக்குத்தான். மீன்கடைக்காரரிடம் ஐஸ் கேட்டு வாங்கித் துண்டில் சுற்றிக் கட்டினாள். காலை உயர்த்தி வைக்க ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"ரெண்டு நாளைக்கு லோரி ஓட்டக்கூடாது."

"விளையாடவே இல்லையே நான்" என்றான் தர்மா, மிகுந்த மனக்குறையோடு.

"தெரியும். சாப்பிடுங்க" என்று சொல்லி, முள் எடுத்த மீனை அவன் தட்டில் வைத்தாள்.